ஒரே குத்தில் நெருப்பு: பதிலாளர் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நெருப்புப் பிஸ்ரனைப் பற்றியவை. வெளிநாட்டு மருமக்கள் விடுமுறைக்கு வரும்போது சொக்கிலேற்றை விட்டுவிட்டு இதைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள் போலும். விரல் நீளத்தில் ஓர் உருளை, அதற்குள் இறுக்கமாக ஓடும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் பஞ்சு வைக்க ஒரு சின்னக் குழி. ஓங்கி ஒரு குத்து, உடனே இழுப்பு. நுனியில் தணல். குச்சியும் வேண்டாம், காஸும் வேண்டாம். பதிலாளர் வழக்கம்போல வறுத்த கச்சானையும் பிளேன்ரீயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதங்களைப் பிரித்தார்.

நெருப்பில்லாமல் புகையுமா?
— மாங்குளம் வாசகர்

புகையும். மல்லாவிப் பக்கம் பழைய லாண்மாஸ்ரர் ஒன்றை விடியற்காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது பின்னால் நின்று பார்க்கவும்.

கனடாவிலிருந்து வந்த தம்பி குடுத்த நெருப்புப் பிஸ்ரனை என்ரை மனுசன் விடியத்தொடக்கம் குத்திக்கொண்டே இருக்கிறார். அடுப்பு இன்னும் பத்தேல்லை. பிழை பிஸ்ரனிலோ, மனுசனிலோ?
— துணுக்காய் வாசகி

மனுசனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதென்றால் இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும், தங்கச்சி. ஆனால் பிஸ்ரனுக்காகப் பதிலாளர் வக்காலத்து வாங்கத் தயார். பிழை அநேகமாகப் பஞ்சில்தான்.

சாதாரணப் பஞ்சு இதற்குச் சரிவராது. ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்துபோகும். வேண்டியது கருக்கிய துணி. உங்கள் மனுசனின் பழைய சாரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பொலியெஸ்ரர் கலந்தது உருகிப் பசையாகிவிடும். மூடியுள்ள ஒரு சின்னத் தகரப் பேணியில் ஆணியால் ஒரு துளை போட்டு, துணியை உள்ளே வைத்து மூடித் தணலில் வையுங்கள். துளையால் புகை வரும். புகை நின்றதும் பேணியை எடுத்துத் துளையை அடைத்து ஆறவிடுங்கள். ஆறுவதற்கு முன் திறந்தால் காற்றுப் பட்டுத் துணி சாம்பலாகிவிடும். பொறுத்துத் திறந்தால் கறுப்பாக, மெதுமெதுப்பாக, தொட்டால் பிய்ந்துவரும் துணி கிடைக்கும். அதில் நகக்கண்ணளவு கிள்ளிக் குழியில் வையுங்கள். அடைத்துத் திணிக்க வேண்டாம்.

இனி மனுசனின் பங்கு. இதற்குப் பலத்தைவிட வேகம் முக்கியம். மெதுவாக அமுக்கினால் உண்டான சூடு உருளையின் சுவர் வழியாகப் போய்விடும். குத்தியதும் இழுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம், அதிலுள்ள ஒட்சிசன் அதைவிடக் கொஞ்சம். "பத்திட்டுதோ" என்று யோசித்துக்கொண்டு நின்றால் தணல் மூச்சுமுட்டிச் செத்துவிடும். வெளியே வந்த தணலை உதறிய பொச்சுத்தும்பில் வைத்து மெல்ல ஊதி, அதைப் பன்னாடைக்கு மாற்றி, பன்னாடையிலிருந்து காவோலைக்கு ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்வரை தேத்தண்ணிக்குக் காத்திருக்க முடியாதென்றால் நெருப்புப்பெட்டி எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டாம்.

சிகரெட் பத்தவைக்க இது நல்லதோ?
— முறிகண்டி வாசகர்

சிகரெட் பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்த பிறகும் கேட்கிறீர்கள் என்றால், உங்களுக்குப் பிஸ்ரனைவிடக் கண்ணாடி அவசரம்.

வெறும் காற்றை அமுக்கினால் நெருப்பு எப்படி வரும், ஐயா? உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன்.
— யோகபுரம் மாணவர்

தம்பி, சைக்கிளுக்குக் காற்றடித்த கையால் பம்மின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர். சுடும். உராய்வால் வந்த சூடென்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு காற்றை அமுக்கியதால் வந்தது. நீர் கையால் செய்த வேலை எங்கும் போய்விடவில்லை. காற்றின் வெப்பமாக மாறி உள்ளே இருக்கிறது.

இப்போது அந்தப் பம்மை விரலளவுக்குச் சுருக்கி, காற்று வெளியே போக வழியில்லாமல் அடைத்துவிடும். உருளைக்குள் 80 மில்லிமீற்றர் நீளத்துக்கு இருந்த காற்றை ஒரே குத்தில் 4 மில்லிமீற்றருக்குள் தள்ளினால் இருபதில் ஒரு பங்காகிறது. வெப்பம் தப்பியோட நேரமில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், 30 பாகையில் இருந்த துணுக்காய்க் காற்று 700 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. நிசத்தில் சுவரும் கசிவும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். எடுக்கட்டும், கருக்கிய துணி பற்றுவதற்கு அதில் பாதியும் தேவையில்லை.

அதே கணக்கில் அமுக்கத்தையும் பாரும். வெளியே உள்ள காற்றைப்போல 66 மடங்கு வருகிறது. துளை 10 மில்லிமீற்றர் அகலமென்றால் குத்தின் கடைசி நொடியில் கிட்டத்தட்ட 50 கிலோ நிறை உமது உள்ளங்கையை எதிர்க்கும். 6 மில்லிமீற்றரென்றால் 20 கிலோவும் வராது. அகலமான பிஸ்ரன்தான் கெட்டிக்காரப் பிஸ்ரன் என்று நினைத்து வாங்கியவர்கள் மேசையில் வைத்துக் குத்தி மேசையை உடைக்கிறார்கள். இது பரீட்சையில் வராது. வந்தால் பதிலாளருக்கு ஒரு பை கச்சான் அனுப்பவும்.

இதை வைத்து யானையை விரட்டலாமா?
— ஒட்டறுத்தகுளம் வாசகர்

யானை நின்று ஆறுதலாகப் பார்க்கும். பார்த்து முடித்த பிறகு செய்வது யானையின் விருப்பம்.

இதைக் கண்டுபிடித்தது தமிழன்தான் என்று வட்ஸ்அப்பில் வந்தது. உண்மைதானே?
— புலம்பெயர் வாசகர், இலண்டன்

பதிலாளருக்கு இரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தும் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். எந்தச் சாமானைத் தூக்கினாலும் அடியில் "தமிழன்" என்று முத்திரை தேடும் பழக்கம் நமக்கு எப்போது தீருமோ.

உண்மைக் கதையே போதிய சுவையுள்ளது. இந்தக் கருவியின் தாயகம் தென்கிழக்கு ஆசியா. பர்மா, லாவோஸ், மலாயா, சுமாத்திரா, ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் என்று பரந்து, அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவித்தது. மூங்கில், மரம், எருமைக்கொம்பு, யானைத்தந்தம் என எதிலும் கடைந்தார்கள். ரப்பர் வளையம் இல்லாத காலத்தில் தண்டின் நுனியில் நூலைச் சுற்றிக் கொழுப்புப் பூசி இறுக்கினார்கள். பஞ்சுக்குப் பனை இனங்களின் மட்டையடியில் படியும் பஞ்சுபோன்ற தூளைச் சுரண்டி எடுத்தார்கள். அவர்கள் சுரண்டிய மரங்களில் ஒன்று நம்முடைய மலைநாட்டுக் கித்துளுக்கு நெருங்கிய சொந்தம். ஒக்ஸ்போர்ட்டில் பிற் றிவேர்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த ஹென்றி பல்ஃபோர் 1907 இல் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்.

ஐரோப்பியர் 1800களின் தொடக்கத்தில்தான் இதற்கு வந்தார்கள். பிரான்சில் லியோன் நகரத்துப் பேராசிரியர் ஜோசப் மொலே செய்துகாட்டினார். 1807 இல் இங்கிலாந்தில் லோரென்ட்ஸ் என்பவர் காப்புரிமை எடுத்தார். கிழக்கைப் பார்த்துச் செய்தார்களா, தாங்களாகவே கண்டார்களா என்பது அறிஞர்களின் சண்டை. அதில் நமக்குப் பந்தியில்லை.

நமக்குச் சொந்தமானது தீக்கடைகோல். சங்கப் பாடல்களில் வருகிறது. இலங்கையின் வேடரும் மரத்தில் மரத்தைக் கடைந்தே நெருப்பெடுத்தார்கள். 1975 இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் ஃப்ரிட்ஸ் ஸ்டால் படம்பிடித்த பெரிய யாகத்திலும் அரணிக் கட்டையைக் கடைந்துதான் தீ பிறந்தது.

ஒரேயொரு மனக்குறை பதிலாளருக்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனை பேர் மலாயாவுக்குப் போய் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்தார்கள்! நாற்சார் வீடும் பென்சனுமாகத் திரும்பி வந்தார்கள். ஓர் எருமைக்கொம்புப் பிஸ்ரனையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தால் இன்றைக்கு வட்ஸ்அப்காரருக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

என் காதலியின் மனதில் தீ மூட்ட இது உதவுமா?
— மல்லாவி இளைஞர்

பிஸ்ரன் எதற்கு? ஒரு காதல் கடிதத்தை வடிவாக எழுதி அவருடைய அப்பாவின் கையில் கொடுக்கவும். உடனே மூளும்.

நானொரு கமக்காரன். இந்த விளையாட்டுச் சாமானால் வயற்காரனுக்கு என்ன பிரயோசனம்?
— வவுனிக்குளம் வாசகர்

அண்ணை, இந்தக் கேள்விக்காகத்தான் பதிலாளர் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கும் லாண்மாஸ்ரரின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா? இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிறது, இதற்கு ஏன் இல்லை? டீசல் எஞ்சின் என்பதே ஒரு பெரிய நெருப்புப் பிஸ்ரன். காற்றை உள்ளே இழுத்து, அமுக்கி, அது கொதிக்கும்போது டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பஞ்சின் இடத்தில் டீசல், உங்கள் உள்ளங்கையின் இடத்தில் சுழலும் தண்டு. வேறு வித்தியாசம் இல்லை.

றுடோல்ஃப் டீசல் மியூனிக்கில் படித்தபோது அவருடைய ஆசிரியர் கார்ல் ஃபொன் லிண்டே. பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஒரு நெருப்புப் பிஸ்ரனை லிண்டே காட்டினார், மாணவனின் மூளையில் அது பற்றிக்கொண்டது என்று ஒரு கதை உலவுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, தத்துவம் ஒன்றுதான். 1893 இல் டீசலுக்குக் காப்புரிமை கிடைத்தது. 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரில் அவருடைய எஞ்சின் எரிபொருளின் சக்தியில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. சாதாரண நீராவி எஞ்சின்கள் அதில் பாதியும் தொடாத காலம் அது.

இனிப் பதிலாளரின் நெஞ்சுக்கு நெருக்கமான சங்கதி. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் எதில் ஓடியது தெரியுமா? கச்சான் எண்ணெயில். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது டீசலில் ஓடவில்லை என்பதே தெரியவில்லையாம். முல்லைத்தீவுக் கச்சானை வறுத்துத் தின்று தீர்க்கும் நாம் அந்தப் பெருமையை எங்கும் எழுதிவைக்கவில்லை. பாவம் டீசல், 1913 செப்ரெம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து இரவோடிரவாகக் காணாமற் போனார்.

லாண்மாஸ்ரரைக் கையால் சுழற்றி ஸ்ரார்ட் பண்ணும் விதத்தைக் கவனியுங்கள். இடது கை அந்தச் சின்ன லீவரைத் தூக்கிப் பிடிக்கிறது. வால்வு திறந்திருப்பதால் காற்று அமுங்காது, சுழற்றுவது இலகு. வேகம் ஏறியதும் லீவரை விட்டுவிடுகிறீர்கள். அந்தக் கணமே உள்ளே காற்று அமுங்கிச் சூடாகிறது. "டொக்" என்று ஒரு சத்தம், பிறகு "டக டக டக". வேகத்தைச் சேர்த்துக்கொண்டு ஒரே குத்தாகக் குத்துவது என்றால் இதுதான். பிஸ்ரன் றிங் தேய்ந்த எஞ்சின் விடியற்காலையில் அடம்பிடிப்பதும், தண்டின் ரப்பர் வளையமான ஓ றிங் தேய்ந்த நெருப்புப் பிஸ்ரன் பற்றாமல் விடுவதும் ஒரே வருத்தம். உங்கள் மெக்கானிக்குக்கு இந்தச் சின்னச் சாமானைத் திருத்தத் தனிப் படிப்பு வேண்டியதில்லை.

வாங்கத் தீர்மானித்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவது?
— கிளிநொச்சி வாசகர்

தண்டைப் பாதிவரை மெல்ல அமுக்கி விடுங்கள். ஸ்பிறிங் மாதிரித் துள்ளித் திரும்ப வேண்டும். அமுக்கிய இடத்திலேயே சோம்பி நின்றால் காற்றுக் கசிகிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்களுக்குக் கடவுள் துணை.

துளை ஒடுக்கமாக இருக்கட்டும். பித்தளையும் அலுமினியமும் நீடித்து நிற்கும். மரத்தில் செய்தது அழகு, ஆனால் ஈரத்துக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கும். கருங்காலியில் கடைந்து தருகிறேன் என்று யாரும் வந்தால், மரம் வந்த வழியைக் கேளுங்கள். அனுமதியில்லாமல் வெட்டிய மரமென்றால் நெருப்பு எரிவதற்கு முன் வழக்கு எரியும். பள்ளிக்கூடத்துக்கென்றால் கண்ணாடிபோன்ற அக்கிறிலிக் குழாய் நல்லது. உள்ளே பஞ்சு பளிச்சிடுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். மேலதிக ஓ றிங்குகள் கூட வருகின்றனவா என்று பார்க்கவும். லேத் பட்டறையில் சொல்லிச் செய்விப்பவர்கள் உருளையின் உட்சுவரைக் கண்ணாடிபோல வழவழப்பாக்கச் சொல்ல வேண்டும். கீறல் விழுந்த சுவர் ஓ றிங்கைத் தின்றுவிடும்.

மழைக்காலத்தில் எப்படிப் பராமரிப்பது?
— ஐயன்கன்குளம் வாசகர்

ஐப்பசி பிறந்தால் நெருப்புப்பெட்டியின் பக்கமே சதசதவென்று ஆகிவிடும் ஊர் நம்முடையது. பிஸ்ரனுக்கு அந்தக் கவலையில்லை, கருக்கிய துணிக்கு உண்டு. அதை இறுக்கமான மூடியுள்ள சின்னப் போத்தலில் வையுங்கள்.

பாவித்த பின் குச்சியில் துணி சுற்றி உட்சுவரின் கரியைத் துடைக்கவும். ஓ றிங்கில் வாசலின் கொஞ்சம், விரலால் தடவியது தெரியாத அளவுக்கு. எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் பற்றிய பதிலை வாசிக்காதவர்கள் அவர்கள்தான்: சூடான காற்றுக்குள் எண்ணெய் போனால் எஞ்சின் வேலை செய்யத் தொடங்கிவிடும், தண்டு முகத்துக்கு வரும். பெற்றோல், தின்னர் எதையும் கிட்டக் காட்ட வேண்டாம். தேங்காயெண்ணெய் மார்கழி விடியலில் உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஓ றிங் வெடித்துப் போய், புதியது எடுக்க வவுனியாவுக்குப் போக மனமில்லையென்றால் பழைய மலாயா முறை இருக்கிறது. பருத்தி நூலைப் பள்ளத்தில் நெருக்கமாகச் சுற்றித் தேன்மெழுகு பூசவும். வன்னியில் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை.

வற்றாப்பளை அம்மனின் உப்புநீர் விளக்கை இதால் ஏற்றலாமா?
— முள்ளியவளை வாசகர்

சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து விளக்கேற்றும் முறை இருக்கிறது, ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். அம்மன் விசயத்தில் பதிலாளர் கையையும் வாயையும் கட்டிக்கொள்வார்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது இப்படியொன்று இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!
— பாண்டியன்குளம் வாசகர்

அவ்வளவு உதவியாக இருந்திராது. அன்றைக்குப் பெரிய தட்டுப்பாடு மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மெல்லிய திரி போட்டு எரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். நெருப்பு மட்டும் ஊரில் அணையாமல் இருந்தது. இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட்டால் விடிய ஊதி எடுக்கலாம். அதுவும் தவறினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு சிரட்டையோடு போனால் தணலும் ஊர்ப் புதினமும் சேர்ந்து வரும்.

நெருப்புப்பெட்டியே போதாதா?
— மாங்குளம் வாசகர் (மறுபடியும்)

போதும். 1826 இல் ஜோன் வோக்கர் உரசிப் பற்றவைக்கும் குச்சியைக் கண்டபோதே பிஸ்ரனின் ஐரோப்பிய வாழ்வு முடியத் தொடங்கிவிட்டது. ஆனால் குச்சியின் கதை அவ்வளவு சுத்தமில்லை. வெள்ளைப் பொசுபரசில் வேலை செய்தவர்களின் தாடையெலும்பு அழுகியது. 1888 இல் இலண்டன் நெருப்புக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906 இல்தான் பேர்ண் நகரில் நாடுகள் கூடி அந்தப் பொசுபரசைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. தமிழ்நாட்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் பழகித் திரும்பிய பிறகு சிவகாசி நெருப்புப்பெட்டி ஊராயிற்று. உங்கள் இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பரவாயில்லை.

புதிதாகத் துப்புரவாக்கிய காணியில் பற்றைகளைக் குவித்து எரிக்கப் போகிறேன். நெருப்பு வைக்கும்போது என்ன கவனம் வேண்டும்?
— துணுக்காய்ப் பிரதேச வாசகி

அக்கா, நெருப்பை எதனால் மூட்டுகிறீர்கள் என்பது இங்கே பெரிய விடயமில்லை. எங்கே மூட்டுகிறீர்கள் என்பதே கேள்வி.

2009 இல் போர் முடிந்தாலும் வன்னி மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகளும் மிதிவெடிகளும் மிச்சமிருக்கின்றன. ஹலோ ட்றஸ்ட், மாக், டாஷ் போன்ற மிதிவெடி அகற்றும் அமைப்புகள் ஆண்டுக்கணக்காக அகற்றியும், மழை கரைத்த இடத்திலும் மண்வெட்டி பட்ட இடத்திலும் இன்னும் தலைகாட்டுகின்றன. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசெம்பரில்தான். குப்பைக்கு நெருப்பு வைத்து, அடியில் கிடந்தது சூடேறி வெடித்துக் காயப்பட்டவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள்.

ஆகவே காணி பரிசோதித்து விடுவிக்கப்பட்டதுதானா என்று முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். பழைய பதுங்குகுழி, மண் அணை, கிணற்றடிப் பள்ளம் இவற்றுக்கு மேல் குப்பை குவிக்க வேண்டாம். இரும்புத் துண்டோ, துருப்பிடித்த பேணிபோன்ற சாமானோ கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். நெருப்பு எரியும்போது சுற்றி நின்று குளிர்காயும் பழக்கத்தைப் புதுக் காணியில் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள்.

பதிலாளரிடம் ஒரு நெருப்புப் பிஸ்ரன் இருக்கிறதா?
— மல்லாவி வாசகி

இருந்தது. "ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்று ஒரு வாசகர் வாங்கிக்கொண்டு போனார். அவர் இந்தப் பகுதியைத் தவறாமல் வாசிக்கிறவர் என்பது பதிலாளருக்குத் தெரியும். ஓ றிங் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தம்பி. கொண்டுவந்து தாரும்.